காலநிலைத் தாங்குதிறன் என்றால் என்ன? கடல் இல்லாத ஊரிலிருந்து ஓர் எளிய விளக்கம்

வைகை கடலில் கலக்காத ஆறு என்று கேட்டே மதுரையில் வளர்ந்தவன் நான். அது பாதி உண்மைதான். வருசநாட்டு மலைகளில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடிவரும் இந்த ஆறு, பெரும்பாலான ஆண்டுகளில் வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பிவிட்டு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது; தண்ணீர் மிகுந்த ஆண்டுகளில் மட்டும் மிச்சம் அதையும் கடந்து, ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகே பாக் விரிகுடாவைச் சேர்கிறது. மதுரைக்குத்தான் கடல் இல்லை. மதுரைத் தண்ணீருக்குக் கடல்வரை போக வழி இருக்கிறது. தண்ணீர் போகும் வழியில் மற்றவையும் போகும்.

சென்ற செப்டம்பரில் எங்கள் பகுதி இளைஞர்கள் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு, உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கிளம்பினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். வேனின் முகப்பில் "காலநிலைத் தாங்குதிறனுக்காகக் கடற்கரைத் தூய்மைப் பணி" என்று ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. (அந்த ஃபிளெக்ஸே பிளாஸ்டிக்தான் என்பதை மானாமதுரை தாண்டிய பிறகே ஒருவர் கவனித்தார்.) பரமக்குடியில் தேநீருக்கு நின்றபோது, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பையன் ஒருவன் அதைக் காட்டி, "அண்ணே, குப்பை பொறக்குறதுக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தாங்குதிறன், மீள்திறன் என்று இரண்டு சொற்களும் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே கருத்தின் இரு பக்கங்களைக் குறிப்பதால் எதைப் பயன்படுத்தினாலும் தவறில்லை. இக்கட்டுரையில் தாங்குதிறன் என்றே எழுதுகிறேன். இதைக் காலநிலை மாற்றத்தைத் தடுக்கும் முயற்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதைக் குறைப்பது தடுக்கும் வேலை. அந்த வேலை முழுமையாக நடந்தாலும், ஏற்கெனவே காற்றில் சேர்ந்துவிட்ட கரியமில வாயுவின் விளைவுகள் உடனே நின்றுவிடப் போவதில்லை. அந்த விளைவுகளோடு ஓர் ஊர் எப்படி வாழப் போகிறது என்பதுதான் தாங்குதிறனைப் பற்றிய கேள்வி.

எங்கள் தெருவிலிருந்தே ஒரு சான்று சொல்லலாம். சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, ஒருகாலத்தில் மூன்று படி ஏறிப் போக வேண்டியிருந்த வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்காரர் வாசலில் ஒன்றரை அடிக்குத் தடுப்புச் சுவர் எழுப்பி, மோட்டார் சுவிட்சை இடுப்புக்கு மேல் மாற்றி, பத்திரங்களையும் குடும்ப அட்டையையும் பரணில் ஏற்றிவைத்திருக்கிறார். மற்றவருக்கு அதற்கான வசதியும் இல்லை, வாடகை வீடு என்பதால் உரிமையும் இல்லை. ஒரே மழை, ஒரே அளவுத் தண்ணீர். முதல் வீட்டில் மறுநாள் மாலை சமையல் நடக்கிறது, இரண்டாவது வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் போய், வட்டிக்கு வாங்கிய கடன் அடுத்த தைவரை நீள்கிறது. இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே தாங்குதிறன் என்கிறோம். மழையின் அளவில் இருந்து அந்த வேறுபாடு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாங்குதிறனுக்குள் மூன்று தன்மைகள் அடங்கியிருக்கின்றன. அடி விழும்போது உடையாமல் நிற்பது முதலாவது, விழுந்துவிட்டால் விரைவில் எழுவது இரண்டாவது, அடுத்த அடி வருவதற்குள் தன்னை மாற்றிக்கொள்வது மூன்றாவது. முதல் இரண்டையும் நாம் நன்றாகப் புரிந்துகொள்கிறோம், போற்றவும் செய்கிறோம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மக்கள் மீண்டெழுந்தார்கள் என்று செய்தி வருகிறது. ஆனால் அதே வீடு அதே தாழ்வில், அதே சுவிட்ச் அதே உயரத்தில் அடுத்த ஐப்பசிக்கும் காத்திருக்கும் என்றால் அதைத் தாங்குதிறன் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பொறுமை என்று சொல்லலாம்.

அறிவியலாளர்கள் சேதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், குப்பை இதில் எங்கே நுழைகிறது என்பது விளங்கும். வரும் ஆபத்து எவ்வளவு பெரியது, அதன் வழியில் யாரும் எதுவும் இருக்கிறார்களா, இருப்பவர்கள் எவ்வளவு நலிந்த நிலையில் இருக்கிறார்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே சேதம் உண்டாகிறது. இம்மூன்றில் முதலாவது நம் கையில் இல்லை. பூமியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்ந்துவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரப்பதத்தைச் சுமக்கும். அந்த ஈரம் கொட்டும்போது முன்பைவிட வேகமாகக் கொட்டும். ஒவ்வொரு கனமழையையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. ஆயினும் ஆண்டுக்கு எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்கிறது என்பதை நகரங்கள் இனி அதிகம் கவனித்தாக வேண்டும்.

மதுரை இதை 2024 அக்டோபர் 25 அன்று நேரிலேயே பார்த்தது. அன்று நகரில் பெய்த 9.8 செ.மீ. மழையில் 4.5 செ.மீ. பிற்பகலில் வெறும் 15 நிமிடங்களில் கொட்டியதாக அரசு தெரிவித்தது. செய்தியில் படிக்கும்போது இந்த எண்ணின் கனம் தெரிவதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர், அதில் 4.5 செ.மீ. பெய்தால் 1,800 லிட்டர் சேரும். ஐந்து சென்ட் மனையென்றால் கால் மணி நேரத்தில் 9,000 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி. வீட்டுக்கு ஒரு லாரி வீதம் தெரு முழுக்க ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அன்று இருந்தது. முற்றமும் புழக்கடையும் மண்ணாக இருந்த காலத்தில் அதில் ஒரு பங்கு நிலத்தில் இறங்கியிருக்கும். இன்று எல்லாம் சிமெண்ட். அத்தனையும் தெருவுக்கு வருகிறது, தெருவிலிருந்து வாய்க்காலுக்குப் போகிறது.

நகரின் செல்லூர்ப் பகுதியில் அந்த வாய்க்காலுக்குப் பெயர் பந்தல்குடி. செல்லூர் கண்மாய் நிறைந்தால் மிகுநீரை வைகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அன்று கட்டபொம்மன் நகர் உட்பட அந்தப் பகுதியின் பல தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகு கண்மாயிலிருந்து ஆறுவரை சிமெண்ட் கால்வாய் கட்ட அரசு பணம் ஒதுக்கியது. அந்தச் செலவு தேவையானதுதான். என்றாலும் மதுரையின் பழைய நீர் அமைப்பே ஒரு தாங்குதிறன் ஏற்பாடு என்பதைப் புரிந்துகொள்ளாமல் புதிய கால்வாயை மட்டும் பார்ப்பது முழுமையாகாது.

ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் மதுரைச் சீமையில், அதன் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் வந்து விழுந்துவிடுகிறது. அதைப் பிடித்துவைக்கத்தான் நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலிபோல் கோத்தார்கள். மேல் கண்மாய் நிறைந்ததும் கலுங்கில் வழியும் தண்ணீர், போக்குக்கால் வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு வரத்தாக வந்து சேரும். பாசனத்துக்கு மடை, உபரிக்குக் கலுங்கு. எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்று பார்ப்பதற்கு நீர்க்கட்டி என்று ஒருவர். வாய்க்காலை ஆண்டுதோறும் ஊரே கூடித் தூர்வாருவதற்குக் குடிமராமத்து என்று ஒரு முறை. ஒரே நாளில் கொட்டும் வெள்ளத்தை உள்வாங்கிப் பல வாரங்களாக மெல்ல விடுவதால், இந்தச் சங்கிலி வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே மருந்தாக இருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் பங்குத் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இன்று இருக்குமிடம் உலகநேரிக் கண்மாய். தல்லாகுளம் என்ற பெயரில் குளம் இருக்கிறது, ஊரில் இல்லை.

இனி குப்பைக்கு வருவோம். வாய்க்காலில் குப்பை எப்படி அடைக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. சென்ற புரட்டாசியில் எங்கள் பகுதியில் ஒரு சிறு பாலத்தின் அடியிலிருந்து நாங்கள் வெளியே இழுத்த அடைப்பை, இழுத்தபடியே கரையில் கிடத்திப் பிரித்துப் பார்த்தோம். நடுவில் ஒரு பழைய இலவம்பஞ்சுத் தலையணை, அதன்மேல் குறுக்காக ஒரு முருங்கைக் கிளை, கிளையில் பனியன் துணியைப் போல் படிந்து ஒட்டியிருந்த கேரி பைகள், அவற்றின் மடிப்புகளில் பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், தெர்மோகோல் தட்டு, குழந்தை டயப்பர். எல்லாவற்றுக்கும் பின்னால் முழங்கை ஆழத்துக்குக் கறுத்த வண்டல். முதலில் கிளை சிக்கியிருக்கிறது, பிறகு தலையணை வந்து தங்கியிருக்கிறது, பைகள் அவற்றின்மேல் விரிந்து திரை கட்டியிருக்கின்றன, திரைக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறைந்ததும் வண்டல் இறங்கியிருக்கிறது. மண்ணை நீக்கிவிட்டு பிளாஸ்டிக்கை மட்டும் நிறுத்தால் மூன்று கிலோ தேறாது. பாலத்தின் வாயில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. ஒரு மடையை மூட ஒரு கோணி போதும் என்று எந்த நீர்க்கட்டியும் சொல்வார். பிளாஸ்டிக் பை செய்வதும் அந்த வேலைதான்; மழையின் அளவு மாறாமலே, சேதக் கணக்கில் மூன்றாவதாகச் சொன்ன நலிவை அது கூட்டிவிடுகிறது.

ஆகவே, தூய்மைப் பணியில் எத்தனை டன் அள்ளினோம் என்பதைவிட எந்த இடத்தில், எந்த மாதத்தில் அள்ளினோம் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். மேட்டிலுள்ள காலி மனையில் நூறு கிலோ பொறுக்குவதைவிட, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு பாலத்தின் வாயில் மூன்று கிலோ எடுப்பது அந்தத் தெருவுக்குச் செய்யும் நன்மை பெரிது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வைகைக்குள் போய்ச் சுத்தம் செய்வது நல்ல காரியம், கண்ணுக்கும் மனதுக்கும் நிறைவானது; ஆனால் வெள்ளத்தைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கமானால் ஆவணி புரட்டாசியில் மறுபடியும் போயாக வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குப்பை மட்டுமே வெள்ளத்துக்குக் காரணம் என்று சொல்வது எளிது, பழி முழுவதும் குடியிருப்பவர்கள் மேல் போய்விடும் என்பதால் பலருக்கு வசதியும்கூட. அகலம் குறைந்த பாலம், ஆக்கிரமிக்கப்பட்ட போக்குக்கால், வாய்க்காலில் இணைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய், வண்டல் ஏறி மேடான கண்மாய் உள்வாய் ஆகிய எதையும் தன்னார்வலர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சரிசெய்துவிட முடியாது. கிருதுமால் என்ற ஆறு நகருக்குள் சாக்கடையாகிப் போனதற்கு மிட்டாய் காகிதம் மட்டும் காரணமாகிவிடாது.

கடற்கரையில்

அரியமானில் நாங்கள் இறங்கியபோது மணி எட்டு. சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் கையுறை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பரவினார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு பையன், மிதவைகள் கோத்த கயிற்றுச் சுருள் ஒன்றை உற்சாகமாக இழுத்துக்கொண்டு வர, படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "ஏய்யா, அது குப்பையில்லய்யா, எங்க வீட்டுக்காரரு வலை. வைய்யா கீழ!" என்று எழுந்தே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டோம். அவரே பிறகு எங்களுக்கு அரை நாள் ஆசிரியரானார். எது காயவைத்த வலை, எது கடல் ஒதுக்கிய கிழிந்த வலை என்று அவர் பிரித்துக் காட்டிய பிறகுதான் எங்கள் வேலை ஒழுங்காக நடந்தது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் முதலில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டே கைவைக்க வேண்டும் என்பதை எந்தக் கையேட்டிலும் முதல் வரியாகப் போடலாம்.

கடற்கரையின் தாங்குதிறன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சுத்தம் செய்யப் போனால், காப்பாற்ற வந்ததையே பிடுங்கிப் போட்டுவிட்டு வருவோம். மணலில் படரும் அடும்புக் கொடியும், கூரிய முட்பந்துபோல் உருளும் ராவணன் மீசைப் புல்லும் பார்ப்பதற்குக் களைபோல் இருந்தாலும், காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக நிறுத்துபவை அவைதாம். அந்த மணல்மேடு புயல் நேரத்து அலைக்கு முதல் தடுப்பு. கரையில் ஒதுங்கி அழுகும் கடற்புல்லும் அப்படித்தான். நாற்றமடிக்கிறது என்று அதை வாரிக் கொட்டிவிடத் தோன்றும். ஆனால் அது மணலைப் பிணைக்கிறது, கரைவாழ் சிற்றுயிர்களுக்கு உணவாகிறது, உயிரோடு கடலடியில் இருக்கும்போது அலையின் வேகத்தையே தணிக்கிறது. பாக் விரிகுடாவில் கடற்புல் படுகைகள் பரந்து கிடப்பதால்தான் அங்கே ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. அதற்காகத் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் காப்பகமாக அறிவித்தது. சுத்தம் என்பது வெறும் மணலாக்குவது என்று எண்ணிக்கொண்டு இயந்திரம் விட்டு வாரும் கடற்கரைகளைப் பார்க்கும்போது எனக்கு முற்றம் நினைவுக்கு வருகிறது. முற்றத்தைப் பெருக்கலாம், முற்றத்து மரத்தைப் பெருக்கித் தள்ளக் கூடாது. ஜனவரியிலிருந்து மார்ச்வரை நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவதால், அந்த மாதங்களில் இயந்திரம் அறவே ஆகாது.

அங்கே குப்பை உண்மையில் செய்யும் கேடு, பார்வைக்கு அசிங்கமாக இருப்பதைவிட ஆழமானது. தொண்டிக்கருகே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. அந்த மரங்களின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து விரல்கள்போல் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அவை மூச்சு விடுவதற்கானவை. அவற்றின்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டால் மரம் திணறும், புதிய நாற்று முளைக்க முடியாது. அலையாத்தி மரங்கள் என்ன செய்ய வல்லவை என்பதை 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் பிச்சாவரம் பகுதி காட்டியது. மரங்களுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் செய்த ஆய்வும் உறுதிசெய்தது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் கரைக்கு அரணாகவே நிற்கின்றன. கடலில் கைவிடப்பட்ட நைலான் வலை பவளத்தின்மேல் விழுந்தால் அலை ஆடும்போதெல்லாம் அதை அறுத்துக்கொண்டே இருக்கும். பவளத்துக்காக அகழ்ந்த காலத்தில் அத்தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன.

கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலக சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மேலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர் வரும் ஒரு கரைக்கு மணல்மேடும் கடற்புல்லும் அலையாத்தியும் பவளமும் சேர்ந்து கொடுக்கும் காவல் எளிதில் காசு கொடுத்து வாங்கக் கூடியது அல்ல. அவற்றின் மூச்சை அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கடற்கரைத் தூய்மைப் பணிக்கும் காலநிலைக்கும் உள்ள சம்பந்தம். அந்தப் பையனுக்கு நான் பரமக்குடியில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

மதுரைக்கும் கடற்கரைக்கும் இன்னொரு பிணைப்பு உண்டு. கடலோர ஊர்களில் நிலத்தடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மேலிருந்து நன்னீர் வரத்துக் குறைந்தால் உப்பு உள்ளே நகரும். ராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள் நிறைந்து ஊறினால்தான் கிணறுகள் இனிக்கும். எனவே மதுரையில் வைகையின் வாய்க்கால்களைப் பராமரிப்பது கீழூர்க்காரருக்குச் செய்யும் தர்மமாக மட்டும் முடிந்துவிடுவதில்லை, கடற்கரைத் தாங்குதிறனின் ஒரு பகுதியாகவும் ஆகிறது.

எண்ணுவது ஏன்?

அன்று எங்கள் சாக்கில் மதுரை முகவரி அச்சிட்ட துணிக்கடைப் பை ஒன்று வந்தது. "பாத்தியா, வைகை கொண்டாந்திருச்சு" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் அதைப் படமெடுத்தார்கள். நானும் ஒரு கணம் நம்பினேன். ஆனால் செப்டம்பரில் வைகையின் கடைமுகத்தில் தண்ணீர் இல்லை. பையோ சுருக்கம்கூட இல்லாமல் புதிதாக இருந்தது. ஆற்றில் நூறு கிலோமீட்டர் உருண்டு வந்த பை அப்படி இருக்காது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுற்றுலா வந்த யாரோ புளியோதரை கட்டிக்கொண்டு வந்த பையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டு விளக்கங்களுக்கும் தீர்வு வேறு வேறு. ஆறு கொண்டுவந்தது என்றால் மதுரையில் வாய்க்காலைப் பார்க்க வேண்டும். சுற்றுலாக்காரர் விட்டுப்போனது என்றால் அரியமானில் குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

இதற்காகத்தான் தூய்மைப் பணியில் எண்ணும் பழக்கம் வந்தது. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்னும் இரு பெண்கள் தொடங்கிவைத்த பணியில், 2,800 தன்னார்வலர்கள் 124 டன் குப்பையை அகற்றினார்கள். அதோடு நிற்காமல் எது எத்தனை என்று அட்டையில் குறிக்கவும் செய்தார்கள். அதுவே இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டி உலகெங்கும் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியாக வளர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளாக எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு. 2019-ஆம் ஆண்டுப் பணியின் கணக்கில்தான் முதன்முறையாகத் தின்பண்ட உறைகள் அதை முந்தின. அட்டை இல்லாமல் வெறுமனே அள்ளிப் போட்டிருந்தால் இந்த மாற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாய்க்காலிலிருந்து எடுத்ததில் தடைசெய்த பை எத்தனை, தடையில் வராத உறை எத்தனை என்று பிரித்து எழுதினால், முதல் எண்ணை வார்டு அலுவலகத்தில் காட்டலாம். இரண்டாவது எண்ணை, தாங்கள் விற்கும் உறைக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-இல் வந்த விதிகளுக்கு உட்பட்ட நிறுவனங்களிடம் காட்டலாம். "நிறையக் குப்பை எடுத்தோம்" என்ற வாக்கியத்தை யாரிடமும் காட்ட முடியாது.

எடுத்த குப்பை எங்கே போகிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். மதுரைக்காரர்கள் உடனே பிளாஸ்டிக் சாலையைச் சொல்வார்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கி, 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே போட்டுக் காட்டி, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றுத் தந்த முறை அது. துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவி உருகிப் பூசவைத்து, அதன்பின் தார் கலப்பார்கள். ஆனால் அதற்குப் பிளாஸ்டிக் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். சேறும் உப்பும் ஏறியதைக் கழுவிக் காயவைக்க ஆள் வேண்டும். அது முடியாதபோது மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று உறுதிசெய்துகொண்டு வேலையைத் தொடங்குவதே நேர்மை. கரையில் குவித்துவைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பி, இரவு மழையில் அத்தனையும் மறுபடி வாய்க்காலுக்குள் இறங்கிய கதையில் எனக்கும் பங்கு உண்டு. எரிப்பது அதைவிட மோசம்.

கழிவுநீர் ஓடும் வாய்க்காலுக்குள் தன்னார்வலர்கள் இறங்கக் கூடாது. கரையில் நின்று கொக்கியாலும் நீண்ட கம்பாலும் எடுக்கக் கூடியதை மட்டும் எடுக்க வேண்டும். ஊசியும் உடைந்த கண்ணாடியும் பாம்பும் இருக்கும். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரில்தான் காத்திருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கும்போது, சேவை என்ற பெயரில் பிள்ளைகளை அதற்குள் இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. தடித்த கையுறை, மூடிய காலணி, தடுப்பூசி, குடிக்கத் தண்ணீர் ஆகியவை இல்லாமல் யாரையும் கூட்டிப் போக வேண்டாம்.

ஓர் அளவுகோல்

செய்த வேலையால் தாங்குதிறன் கூடியதா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் பெரும்பாலான தூய்மைப் பணிகள் தடுமாறுகின்றன. அள்ளிய குப்பையின் எடை எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. மழைக்குப் பிறகு தெருவில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது என்பது எதிலும் இருப்பதில்லை. தாங்குதிறன் என்பது அந்த மணிக்கணக்குத்தான். எடை கூடினால் அது நம் ஊக்கத்தையும் ஊரின் சீர்கேட்டையும் ஒருசேரக் காட்டும். மணி குறைந்தால் மட்டுமே ஊர் தேறியிருக்கிறது.

அதனால் இந்த முறை புரட்டாசியில் பாலத்தடியைச் சுத்தம் செய்த கையோடு, தெருமுனை மின்கம்பத்தில் சாலை மட்டத்திலிருந்து அரை அடிக்கொரு கோடு வரைந்தோம். ஒரு வீட்டு மாடியில் நேரான பக்கங்கள் கொண்ட எவர்சில்வர் டப்பா ஒன்று திறந்தவெளியில் இருக்கிறது. மழை விட்டதும் அதற்குள் அளவுகோலை இறக்கினால் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று ஏறக்குறையத் தெரியும். ஒரு நோட்டில் மூன்றே பத்திகள்: பெய்த மழை, கோட்டில் ஏறிய உயரம், வடிய எடுத்த நேரம். பெய்த மழையைக் குறிக்காமல் மற்ற இரண்டையும் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம் என்பதால்தான் அந்த டப்பா. ஒரே அளவு மழைக்கு வடியும் நேரம் ஓரிரு ஆண்டுகளில் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் கோளாறு குப்பையில் இல்லை, பாலத்தின் அகலத்திலோ கீழே உள்ள ஆக்கிரமிப்பிலோ இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல அந்த நோட்டே சான்றாகும்.

கோடு வரைந்துகொண்டிருந்தவன் பரமக்குடியில் கேள்வி கேட்ட அதே பையன். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி அவனைக் கூப்பிட்டு, "அப்படியே எங்க வீட்டுச் செவத்துலயும் ஒரு கோடு போட்டுட்டுப் போய்யா. தொண்ணூத்தி மூணு வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார். எழுந்து வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். பையன் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். பாட்டியின் கை அவனுடைய இடுப்புக்கு மேலே இருந்தது.